இல்லாத கையும் வலிக்கும்!

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு)

மின்னியல் மாணவன் ஒருவன் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதினால் சூரிய மின்சக்தி, மின் சிக்கனம் என்று ஏதாவது எழுதுவதுதான் வழக்கம். "நீ ஏன்டா மூளையைப் பத்தி எழுதுற? அது டாக்டருங்க வேலையாச்சே" என்று மலர்க்குழுவில் இருக்கிற நண்பனே கேட்டான். காரணம் இருக்கிறது. டிப்ளமோ முடித்து வெளியே போகிற நாம் எல்லோரும் கையை நம்பிப் பிழைக்கப் போகிறவர்கள். சிலர் லேத்தில் நிற்போம், சிலர் பவர் பிரஸ் முன்னால், சிலர் பேனல் போர்டுக்கு எதிரில். அந்தக் கை போய்விட்டால் என்ன ஆகும்? கை இருக்காது, அவ்வளவுதானே என்பீர்கள். அதுதான் இல்லை! கை போன பிறகும் கை இருக்கும். அரிக்கும். வலிக்கும். முறுக்கிக்கொண்டு பிரியாமல் கிடக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாது, அனுபவிக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்கு 'மாய உறுப்பு' என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-இல் இந்தப் பெயரை வைத்தார். பெயர் வைத்தாரே தவிர, இது ஏன் வருகிறது என்பதற்கு ரொம்ப காலம் சரியான பதில் கிடைக்கவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் நரம்பு நுனி சுருண்டுபோய்த் தொந்தரவு தருகிறது என்றார்கள். சிலர் எல்லாம் மனப்பிரமை என்று முடித்துவிட்டார்கள். நூற்றிருபது வருடம் கழித்து, இந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ளும் பஞ்சுக்குச்சி ஒன்றையும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றையும் வைத்துக்கொண்டு ஆராய்ந்தவர் நம்ம சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் பெயர் விளையனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன்.

அவரிடம் போவதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஜாமெட்ரி பாக்ஸில் டிவைடர் இருக்கிறதல்லவா? அதன் இரண்டு முனைகளையும் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து, கண்ணை மூடியிருக்கும் நண்பனின் விரல் நுனியில் மெதுவாகத் தொடுங்கள் (குத்தக் கூடாது, தொடணும்!). "ரெண்டு முனை" என்று சரியாகச் சொல்லிவிடுவான். அதே இடைவெளியில் முதுகில் தொடுங்கள். ஒரு முனைதான் என்பான். முதுகில் இரண்டு என்று அவன் உணர, இடைவெளியை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் வரை அகட்ட வேண்டியிருக்கும். ஏன் இந்த வித்தியாசம்? விரல் நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. அது மட்டுமல்ல, மூளையிலும் விரலுக்கு அதிக இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மூளையில் இடம் ஒதுக்கீடு இருப்பதைத் தெளிவாகக் காட்டியவர் கனடாவின் மான்ட்ரியால் நகரில் இருந்த வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர். 1930-களில் வலிப்பு நோய்க்காக மண்டையைத் திறந்து அறுவை செய்யும்போது நோயாளியை விழித்திருக்க வைத்து, மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். (மூளையைத் தொட்டால் மூளைக்கு வலிக்காது, அதனால் இது முடிந்தது.) ஓர் இடத்தில் கொடுத்தால் நோயாளி உதட்டில் யாரோ தொடுவதாகச் சொன்னார், வேறோர் இடத்தில் கட்டைவிரலில் என்றார். இப்படிக் குறித்துக்கொண்டே வந்ததில் உடம்பு முழுவதற்கும் ஒரு வரைபடம் கிடைத்தது. நம்ம பேனல் போர்டில் ஒவ்வொரு ஃபீடருக்கும் ஒரு இடம் இருப்பது போலத்தான். ஆனால் வரிசை மட்டும் விசித்திரமானது. உடம்பில் கைக்குப் பக்கத்தில் முழங்கை இருக்கிறது. மூளை வரைபடத்தில் கையின் ஒரு பக்கத்தில் மேல் கை, மறு பக்கத்தில் முகம்! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த போர்டு பிறக்கும்போது ஒருமுறை வயரிங் செய்யப்பட்டதுதான், வளர்ந்த பிறகு மாறவே மாறாது என்று பல காலம் நம்பினார்கள். 1991-இல் அந்த நம்பிக்கைக்குப் பெரிய அடி விழுந்தது. அமெரிக்காவில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரிலிருந்த ஆய்வுக்கூடத்தில், கையிலிருந்து உணர்வு கொண்டு வரும் நரம்புகள் வெட்டப்பட்ட குரங்குகள் இருந்தன. 1981-இல் அந்தக் குரங்குகளைப் பராமரித்த விதம் பற்றி வழக்கு எழுந்து பெரிய சர்ச்சை ஆனது, அது தனிக் கதை. நரம்பு வெட்டிப் பன்னிரண்டு வருடம் ஆன பிறகு டிம் பான்ஸ் என்பவரும் அவரது குழுவினரும் அந்தக் குரங்குகளின் மூளையில் கைக்கான இடத்தைச் சோதித்தார்கள். கையைத் தொட்டால் அங்கே எந்தச் சலனமும் இல்லை. ஆனால் முகத்தைத் தொட்டபோது, கைக்கான இடம் துடித்தது! ஒரு சென்டிமீட்டருக்கும் மேலான பரப்பு இப்படி மாறியிருந்தது. மூளை அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது சாதாரணம் இல்லை.

இந்தச் செய்தியைப் படித்தவர்களில் ராமச்சந்திரனும் ஒருவர். 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். அரசியல் சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். ஸ்டான்லியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே கண் பார்வை பற்றி ஆராய்ச்சி செய்தவர், 1970-களின் தொடக்கத்திலேயே 'நேச்சர்' இதழில் அவர் கட்டுரை வந்தது. பிறகு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம், 1983 முதல் சான்டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பணி, 2007-இல் பத்மபூஷண். (நம்மைப் போல் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர் இல்லை. ஆனால் அவர் பயன்படுத்திய கருவிகளைப் பார்த்தால் நம்ம லேபிலேயே கிடைக்கக்கூடியவைதான். அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கிறது.)

குரங்கின் மண்டையைத் திறந்து பார்த்தார்கள். மனிதனிடம் வாயைத் திறந்து கேட்டாலே போதுமே என்று அவர் யோசித்தார். விபத்தில் இடது கையை முட்டிக்குச் சற்று மேலே இழந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். கையை எடுத்து நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. அவன் கண்ணைக் கட்டிவிட்டுப் பஞ்சுக்குச்சியால் உடம்பில் அங்கங்கே தொட்டு, "எங்கே தெரிகிறது?" என்று கேட்டார். கன்னத்தைத் தொட்டதும், கன்னத்தில் தெரிகிறது என்றான், கூடவே இல்லாத கட்டைவிரலிலும் தெரிகிறது என்றான். மேல் உதட்டைத் தொட்டால் இல்லாத ஆள்காட்டி விரல், தாடையைத் தொட்டால் இல்லாத சுண்டு விரல். முகத்தில் ஒரு கை படமே வரைய முடிந்தது! மீதிக் கையிலும் இப்படியே இன்னொரு படம் கிடைத்தது. பென்ஃபீல்டு வரைபடத்தில் கையின் ஒரு பக்கம் முகமும் மறு பக்கம் மேல் கையும் இருந்ததை இங்கே பொருத்திப் பாருங்கள். இதை 1992-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். நான்கு வாரத்தில் மூளைக்குள் புதிதாக ஒயர் இழுத்துவிட முடியுமா? அவ்வளவு சீக்கிரம் முடியாது என்றே அவரும் கருதினார். முகத்துக்கும் கை இடத்துக்கும் நடுவில் முன்பே மெல்லிய இணைப்புகள் இருந்திருக்க வேண்டும், கையிலிருந்து வருகிற சத்தம் பலமாக இருந்தவரை அவை கேட்கவில்லை, அந்தச் சத்தம் நின்றதும் இவை கேட்கத் தொடங்கின என்பது அவர் ஊகம். ஒர்க்‌ஷாப்பில் எல்லா மிஷினும் நின்ற பிறகுதான் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் நம் காதில் விழும், அது போல!

மூளை இப்படித் தன்னை மாற்றிக்கொள்ளும் தன்மையைத்தான் 'மூளையின் நெகிழ்வுத்தன்மை' என்கிறார்கள். நல்ல விஷயம்தானே? எப்போதும் அப்படி இல்லை. நெகிழ்வதால்தான் சில வலிகளும் வருகின்றன. அதற்கு எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

என் சித்தப்பாவுக்கு ஒரு கம்பெனியில் பவர் பிரஸ்ஸில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. காவல் கதவைக் கழற்றி வைத்து ஓட்டச் சொன்ன கம்பெனி அது, பெயர் வேண்டாம். காயம் ஆறி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். ராத்திரி என்னை எழுப்பி, "டேய், சுண்டு விரல் அரிக்குதுடா. எங்கடா சொறியிறது?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அரிப்பு போய் வலி வந்தது. கை கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே, விரலெல்லாம் மடங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்பார். இல்லாத நகம், இல்லாத உள்ளங்கை! ஆயா யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று தாயத்து கட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் நஷ்ட ஈடு கூட வரணும்னு நடிக்கிறார் என்று சொன்னது எங்கள் காதுக்கே வந்தது. சித்தப்பாவுக்கு அதைவிட இன்னொரு பயம். நமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று. அதனால் டாக்டரிடம் கூட வாய் திறக்கவில்லை. "நீதான படிக்கிற, கேட்டுச் சொல்லு" என்று சித்தி என்னிடம் சொன்னார். நான் படிப்பது மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும். ஆனால் வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவனுக்கு சிலபஸ் என்று ஒன்று கிடையாது, எல்லாக் கேள்வியும் அவனுக்குத்தான் வரும்! அப்படித்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ராமச்சந்திரனிடம் வந்தவர்களில் பலருக்கும் இதே போல் அசையாத மாயக் கை இருந்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் நமக்கு எளிதாகப் புரியும். கண்ட்ரோல் சிஸ்டத்தில் ஃபீட்பேக் என்று படிக்கிறோமே, அதேதான். மூளை "விரலைப் பிரி" என்று கட்டளை அனுப்புகிறது. கை இல்லை, அதனால் பிரிந்தது என்று பதில் வருவதில்லை. கண்ணும் ஒன்றும் அசையவில்லை என்கிறது. மூளை மறுபடி கட்டளை அனுப்புகிறது, மறுபடி அதே பதில். இப்படியே போனால் இந்தக் கை அசையாது என்று மூளை பாடம் படித்துவிடுகிறது. இதைக் 'கற்றுக்கொண்ட முடக்கம்' என்றார். கற்றுக்கொண்டதை மறக்கவைக்க முடியாதா? கண் வழியாகப் பொய்யான ஃபீட்பேக் ஒன்றைக் கொடுத்தால்?

அதற்காக அவர் செய்ததுதான் கண்ணாடிப் பெட்டி. மேலே மூடி இல்லாத ஒரு பெட்டி. நடுவில் ஒரு கண்ணாடி செங்குத்தாக நிற்கும். முன்பக்கம் இரண்டு துளை. நல்ல கையை ஒரு துளையிலும் வெட்டுப்பட்ட கையை மற்றதிலும் விட்டு, நல்ல கைப் பக்கமிருந்து கண்ணாடியைப் பார்க்க வேண்டும். நல்ல கையின் பிம்பம், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் முளைத்தது போல் தெரியும். இப்போது இரண்டு கையையும் ஒரே மாதிரி அசைப்பதாக நினைத்து அசைத்தால், இல்லாத கை அசைவதைக் கண் பார்க்கிறது! பத்து வருடமாக மாயக் கை உறைந்துபோயிருந்த ஒருவர் முதன்முதல் இதில் கையை விட்டபோது, கை மறுபடி அசைகிறது என்று கத்தினாராம். கண்ணை மூடியதும் மறுபடி உறைந்துவிட்டது. பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். சில வாரம் கழித்து அவர் மாயக் கையே சுருங்கிப்போய் முட்டி வலியும் போய்விட்டது, விரல்கள் மட்டும் தோளில் ஒட்டிக்கொண்டு மிச்சம் இருந்தன! இந்த ஆய்வு 1996-இல் வெளியானது.

ஒரு ஆளுக்கு நடந்ததை வைத்து மருத்துவம் ஆகாது. 2007-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் காலை இழந்த 22 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கண்ணாடி, ஒரு பிரிவுக்குத் துணியால் மூடிய கண்ணாடி, ஒரு பிரிவினர் கண்ணை மூடி மனதில் அசைப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டியது மட்டும். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். முடிவு வரை இருந்தவர்கள் 18 பேர், பிரிவுக்கு ஆறு. கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிப் பிரிவில் ஒருவருக்கு மட்டும், நினைத்துப் பார்த்த பிரிவில் இரண்டு பேருக்கு. ஆறு என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் கண்ணாடிக்குத் துணி போட்டதும் பலன் போய்விட்டது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது, நம்ம லேபில் ஒரு ஸ்விட்சை மட்டும் ஆஃப் செய்து பழுது கண்டுபிடிப்போமே அந்த மாதிரி. அந்த ஆய்வில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். போன கால் கண்ணாடியில் முழுசாகத் தெரிந்ததும் இரண்டு பேருக்குச் சிறிது நேரம் துக்கம் பொங்கிவிட்டது.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிற அக்காவிடம் சித்தப்பாவை அழைத்துப்போய்க் கேட்டதும், "இது பைத்தியம் இல்லண்ணா, கை போன பெரும்பாலானவங்களுக்கு வர்றதுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே சித்தப்பாவுக்குப் பாதி பாரம் இறங்கியது. அவர் சொன்ன முறைப்படி நான் கார்பென்ட்ரி ஷாப்பில் மிச்சமிருந்த பிளைவுட்டில் பெட்டி செய்தேன். ஒன்றரை அடிக்கு ஒரு அடி கண்ணாடி தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியது. விளிம்பை எமரி தாளால் தேய்த்து டேப் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் இருக்கிற கையையும் கிழித்துவிடும். மோதிரம், வாட்ச், கயிறு எல்லாவற்றையும் நல்ல கையிலிருந்து கழற்றிவிட வேண்டும், அது தெரிந்தால் மூளை ஏமாறாது. முதல் நாள் சித்தப்பா விரலை மடக்கிப் பிரித்தார், கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. சித்தி உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் கழித்து "நகம் குத்துறது இல்லடா இப்போ" என்றார். வலி முழுசாகப் போகவில்லை. மழை நாளில் வருகிறது. அரிப்பும் அப்பப்போ உண்டு. ஆனால் ராத்திரி தூங்குகிறார்.

பஞ்சுச் சோதனையும் செய்து பார்த்தேன். கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஓர் இடத்தைத் தொட்டால் கட்டைவிரல், கொஞ்சம் தள்ளித் தொட்டால் சுண்டு விரல் என்றார். சில சமயம் அந்த இடத்தைச் சொறிந்தே அரிப்பைத் தீர்த்துக்கொள்கிறார்.

கன்னத்தில் ஏன் தெரியவில்லை என்று தேடியபோதுதான் இதில் பெரிய சண்டையே இருக்கிறது என்று தெரிந்தது. ராமச்சந்திரன் நம்ம ஊர்க்காரர், அதனால் அவர் சொன்னதெல்லாம் வேதம் என்று எழுதினால் அது அறிவியல் கட்டுரை ஆகாது, பாராட்டு விழா மலராகிவிடும்! தாமர் மாக்கின் என்ற ஆய்வாளர் 2013-லேயே, மாயக் கை வலி அதிகம் இருப்பவர்களின் மூளையில் கைக்கான இடம் அழியவில்லை, நன்றாகவே இருக்கிறது என்று காட்டினார். 2025-இல் அவரும் ஹண்டர் ஷோன், கிறிஸ் பேக்கர் ஆகியோரும் ஒரு அருமையான வேலை செய்தார்கள். கையை எடுக்க வேண்டியிருந்த மூன்று பேரை, எடுப்பதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டார்கள். எடுத்த பிறகு மாத, வருடக் கணக்கில் பின்தொடர்ந்து, ஒருவரை ஐந்து வருடம் கழித்துக்கூட, மறுபடி ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். இல்லாத விரலை அசைக்க முயலும்போது தெரிந்த வரைபடம் முன்பு இருந்தது போலவே இருந்தது! உதட்டின் இடம் கையின் இடத்துக்குள் நுழையவும் இல்லை.

அப்படியானால் 1992-இல் அந்தப் பையன் சொன்னது பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது, அவன் உணர்ந்ததை உணர்ந்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் காலி மனையை ஆக்கிரமித்தது போல முகம் வந்து கையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்ற படம் அப்படியே சரியில்லை என்று தோன்றுகிறது. என் கருத்தில் இது நல்ல செய்தி. சித்தப்பாவின் கை அவர் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதை வைத்துத்தான் மூளைச் சமிக்ஞையில் இயங்கும் செயற்கைக் கையைச் செய்ய முடியும், அது நம்ம துறை வேலை. கண்ணாடி ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் சண்டை. வலி உள்ள சிலருக்கு அது உதவுவதில் அல்ல. பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவர்களுக்கும் இந்தக் கண்ணாடியை 1999-இல் முயன்று பார்த்தார்கள், இப்போது அது பிசியோதெரபியில் ஒரு வழக்கமான பயிற்சி.

இதுவரை போர்டைப் பற்றிப் பேசினோம். ஒயர் அறுந்தால் என்ன? ஒட்டுமா?

கை, கால் நரம்பு என்றால் ஒட்டும், வளரும். 1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்தார். வெட்டின இடத்திலிருந்து நுனி வரை உள்ள பகுதி செத்து உதிர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த இழை ஓடிய குழாயும், அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்களும் மிச்சம் இருக்கின்றன. சுவருக்குள் பைப் அப்படியே இருக்கிறது, உள்ளே ஒயர் மட்டும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்புப் பக்கத்தில் உயிரோடு இருக்கிற நுனி அந்தப் பைப்புக்குள் புகுந்து மறுபடி வளர்ந்துகொண்டு போகிறது. வேகம் எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்! முழங்கை அருகில் நரம்பு அறுந்தால் விரல் நுனி வரை 350 மில்லிமீட்டர் என்று வையுங்கள், ஒரு வருடம் ஆகும். டாக்டர் நரம்பின் பாதையில் விரலால் தட்டிக்கொண்டே வருவார். எந்த இடத்தில் சுரீரென்று கரண்ட் அடிப்பது போல் இருக்கிறதோ அதுவரை நரம்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். மாதா மாதம் அளந்து பார்க்கலாம், மீட்டர் ரீடிங் எடுப்பது மாதிரிதான்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இது நடப்பதில்லை. ஸ்பெயின் நாட்டின் ரமோன் இ காஹால், 1906-இல் நோபல் பரிசு பெற்றவர், அங்கே மறுவளர்ச்சி இல்லை என்று கண்டார். காரணம் இழையா, பைப்பா? 1980-ஐ ஒட்டி மான்ட்ரியாலில் ஆல்பர்ட் அகுவாயோ குழுவினர் எலியின் கால் நரம்புத் துண்டை எடுத்துத் தண்டுவடத்தில் பொருத்தினார்கள். வளரவே வளராது என்று சொல்லப்பட்ட தண்டுவட இழைகள் அந்தத் துண்டுக்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன! ஆக, இழைக்கு வளரும் சக்தி இருக்கிறது, சுற்றியுள்ள இடம்தான் தடுக்கிறது. அந்தத் தடையை எப்படி நீக்குவது என்பதுதான் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான ஆராய்ச்சியின் மையமாக இருக்கிறது.

நரம்பு வளர்ந்து வந்து சேர்ந்தாலும் வேலை முடியவில்லை, மூளை புதிதாகக் கற்க வேண்டும். இதை நம்ம தமிழ்நாட்டிலேயே முன்பே பார்த்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயால் விரல் மடங்கிப்போனவர்களுக்கு, ஒரு விரலை மடக்குகிற தசைநாணை எடுத்து மற்ற விரல்களை நிமிர்த்துகிற வேலைக்கு மாற்றிக் கட்டினார். ஆபரேஷன் முடிந்ததும் நோயாளி என்ன செய்வார்? பழைய விரலை மடக்க நினைத்தால் புது இடத்தில் அசைவு வரும்! வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்துத்தான் கையைப் பழக்கினார்கள்.

ராமச்சந்திரன் படித்த அதே ஸ்டான்லியில் கை அறுவைக்கென்றே பெயர்பெற்ற தனிப்பிரிவு இருக்கிறது, பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி வளர்த்தெடுத்தது. 2018 பிப்ரவரியில் அங்கே, மின்சார விபத்தில் இரண்டு கையையும் இழந்த திண்டுக்கல் பக்கத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இரண்டு கைகளையும் பொருத்தினார்கள். மின்னியல் மாணவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். எலும்பு, ரத்தக்குழாய், தசைநாண் எல்லாம் ஆபரேஷன் மேஜையில் இணைத்துவிடலாம். நரம்பு மட்டும் தையல் போட்ட இடத்திலிருந்து தினம் ஒரு மில்லிமீட்டராக நடந்து, இன்னொருவர் விரல் நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து செய்தி வரும்போது மூளையில் இடம் இருக்குமா? பிரான்சில் லியோன் நகரில் 2000-இல் இரண்டு கையும் பொருத்திக்கொண்டவரை ஸ்கேன் செய்தார்கள். நான்கு வருடம் கையில்லாமல் இருந்தவர் அவர். ஆறு மாதத்தில் கை அசைவு மூளையில் தன் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது.

இவ்வளவும் படித்த பிறகு, நம் ஒர்க்‌ஷாப்பில் முதலுதவிப் பெட்டிக்கு மேல் ஒட்டி வைக்க ஒரு தாள் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அதையே இங்கும் தருகிறேன். விரலோ கையோ துண்டாகிவிட்டால் முதலில் ஆளைக் கவனியுங்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். துண்டான பாகத்தைத் தேடி எடுங்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீர் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். பாகத்தின் மேல் ஐஸ் நேராகப் படக் கூடாது, பட்டால் திசு உறைந்து செத்துவிடும், பிறகு எந்த டாக்டராலும் ஒட்ட முடியாது. சித்தப்பாவின் கையை யாரோ நல்லெண்ணத்தில் ஐஸ் கட்டிக்குள் நேராகப் போட்டு எடுத்து வந்தார்கள். விரல் மட்டும் என்றால் கொஞ்சம் நேரம் தாங்கும், தசையுள்ள கை என்றால் ஆறு மணி நேரத்துக்குள் மேஜைக்குப் போக வேண்டும். அதனால் விபத்து நடந்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதி, அந்தப் பையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.